மோட்டார் சூடாக இருந்தால் 35 மெகாஓம், ஆறினால் 560: எதை நம்புவது?

புதிய_வைண்டர்

வணக்கம். மோட்டார் வைண்டிங் (கம்பிச்சுருள் கட்டும்) வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு சந்தேகம் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

நேற்று மாலை ஓடி நின்ற ஒரு மோட்டாரை, சூடு ஆறுவதற்குள் 500 வோல்ட் மெகரில் (காப்பின் தடையை அளக்கும் கருவி) பார்த்தேன். வைண்டிங் 70 டிகிரி. வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே 35 மெகாஓம். இன்று காலை அதே மோட்டார், அதே மெகர். வைண்டிங் 30 டிகிரிக்கு வந்திருந்தது. 560 மெகாஓம் காட்டுகிறது. நடுவில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. "ராத்திரியில் ஈரம் காய்ந்திருக்கும்" என்றார் உடன் வேலை செய்பவர். மூடி போட்டபடி நின்ற மோட்டாரில் ராத்திரியில் ஈரம் எப்படிக் காயும்?

பள்ளிப் புத்தகத்தில் இரண்டு பட்டியல் படித்தோம். வெள்ளி, தாமிரம், அலுமினியம் எல்லாம் கடத்தி. ரப்பர், கண்ணாடி, மைக்கா எல்லாம் கடத்தாப்பொருள். கடத்தாது என்றால் கடத்தாது என்றுதானே நினைத்தேன். ஒரே இரவில் 16 மடங்கு மாறுகிற ஒன்றை எப்படிக் கடத்தாப்பொருள் என்று நம்புவது?

இன்னொன்று. பல மாதம் ஓடாமல் கிடந்த வேறொரு மோட்டாரும் வந்திருக்கிறது. அது ஆறிய நிலையிலேயே 6 மெகாஓம்தான். பிரித்து மறுபடி வைண்டிங் கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டியதுதானா?

பழைய_கம்பிச்சுருள்

தம்பி, முதல் மோட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை. ஈரமும் காயவில்லை. நீங்கள் பார்த்தது சூட்டின் வேலை.

நாங்கள் வேலையில் வைத்திருக்கும் கணக்கு இது: வைண்டிங்கின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் (காப்பு) தடை ஏறத்தாழப் பாதியாகும். 30-லிருந்து 70 வரை நான்கு பத்துகள். நான்கு முறை பாதியாக்குங்கள்: 560, 280, 140, 70, 35. உங்கள் அளவு கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. எல்லா மோட்டாரிலும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். அதனால்தான் எந்த அளவையும் 40 டிகிரிக்கு மாற்றி எழுதுகிறோம். வெப்பநிலை எழுதாத மெகர் அளவு, தேதி போடாத பற்றுச்சீட்டு மாதிரி. எதோடும் ஒப்பிட முடியாது.

இரண்டாவது மோட்டாரைப் பிரிக்காதீர்கள், அவசரம் வேண்டாம். அதில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு, பத்து நிமிடத்தில் எவ்வளவு என்று எடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள். பிறகு பேசுவோம்.

இயற்பியல்_ஆசிரியை

தம்பியின் கேள்விக்குள் இன்னொரு நல்ல கேள்வி இருக்கிறது. அதே மோட்டாரில் தாமிரக் கம்பியும் அதே 70 டிகிரியில்தான் இருந்தது. அதன் தடை என்ன ஆனது?

கூடியிருக்கும். தாமிரத்துக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியிலிருந்து 70-க்குப் போகும்போது ஏறத்தாழ 20 சதவீதம் உயர்வு. ஒரே சூடு, ஒரே இடம். கம்பியின் தடை கொஞ்சம் ஏறுகிறது, அதைச் சுற்றியிருக்கும் காப்பின் தடை மளமளவென்று இறங்குகிறது. இந்த இரண்டு பொருளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன என்பதுதான் கடத்தியையும் கடத்தாப்பொருளையும் பிரிக்கும் கோடு என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். எண்ணின் அளவு அதற்குப் பிறகுதான்.

காரணம் இது. தாமிரத்தில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே கட்டவிழ்ந்து திரிகின்றன, ஒரு கனமீட்டருக்கு 8.5 × 10²⁸ அளவில். சூடு ஏறினாலும் அந்த எண்ணிக்கை கூடாது. ஆனால் அணுக்கள் அதிகம் ஆடுவதால் எலக்ட்ரான்கள் அடிக்கடி முட்டுகின்றன. அதனால் தடை கூடுகிறது. கடத்தாப்பொருளில் நிலைமை வேறு. எலக்ட்ரான்கள் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. விடுபட ஓர் ஆற்றல் இடைவெளியைத் தாண்ட வேண்டும். வைரத்தில் அது 5.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானில் 1.1. அறை வெப்பநிலை கொடுக்கும் ஆற்றலோ 0.025 அளவுதான். சிலிக்கானில் எப்போதாவது ஒன்று தாண்டும், அதனால் அது குறைக்கடத்தி. வைரத்தில் அதற்கு வழியே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் வார்னிஷிலோ பிவிசியிலோ நாம் அளக்கும் கசிவு மின்னோட்டம், பெரும்பாலும் இப்படித் தாண்டி வந்த எலக்ட்ரான்களால் வருவதில்லை. பொருளுக்குள் கலந்திருக்கும் மாசு, மிச்சமிருக்கும் வேதிப்பொருள், ஈரம் இவற்றின் அயனிகள்தான் அசைகின்றன. சூடு ஏறினால் பொருள் இளகும், அயனிகளுக்கு நகர்வது எளிதாகும். பாதியாகும் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

கண்ணாடியை இதற்கு மிக நல்ல சாட்சியாகச் சொல்வேன். அறை வெப்பநிலையில் அதன் மின்தடை எண் 10¹⁰ ஓம் மீட்டருக்குக் குறையாது. தாமிரத்துக்கு 1.7 × 10⁻⁸. ஆனால் சாதாரணக் கண்ணாடியைச் செந்தழலாகக் காய்ச்சினால் அதற்குள்ளிருக்கும் சோடியம் அயனிகள் ஓடத் தொடங்கி அது மின்சாரத்தைக் கடத்தும். வால்டர் நெர்ன்ஸ்ட் 1897-ல் உருவாக்கிய விளக்கு இந்தக் குணத்தை வைத்தே எரிந்தது. அதன் பீங்கான் தண்டு குளிர்ந்த நிலையில் கடத்தாது. முதலில் அதைச் சூடேற்ற வேண்டும், பிறகு தானே கடத்தி ஒளிவிடும்.

இரண்டாமாண்டு_மாணவி

டீச்சர், அப்படியானால் இந்தப் பொருள் கடத்தும், இந்தப் பொருள் கடத்தாது என்று முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? எலக்ட்ரான் என்ற பெயரே இல்லாத காலமாயிற்றே.

இயற்பியல்_ஆசிரியை

ஸ்டீபன் கிரே. 1729. எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது.

கண்ணாடிக் குழாயைத் தேய்த்து அதிலிருந்து சணல் கயிறு வழியாக மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கயிற்றைத் தாங்கிப்பிடிக்க மெல்லிய பட்டு நூல்களைக் கட்டினார், நண்பர் கிரான்வில் வீலர் கூட இருந்தார். நூல் மெல்லியதாக இருந்தால் அதன் வழியாகக் குறைவாகவே கசியும் என்பது அவர்கள் எண்ணம். வேலை செய்தது. ஒரு கட்டத்தில் பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. சரி, மெல்லிய, ஆனால் வலுவான பித்தளைக் கம்பியைக் கட்டலாம் என்று கட்டினார்கள். மறுமுனைக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. எல்லாம் கம்பி வழியே போய்விட்டது.

தடிமனா, பொருளா என்ற கேள்விக்கு அந்த அறுந்த நூல்தான் விடை சொன்னது. அன்றைக்குச் சணல் கயிறு கடத்தி. இன்று சணலை யாரும் கடத்திப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். கிரேவின் மின்சாரம் மிக அதிக மின்னழுத்தமும் மிகச் சிறிய மின்னோட்டமும் கொண்டது. அதற்கு இழையில் இருந்த கொஞ்ச ஈரமே போதும். எந்த மின்னழுத்தத்துக்கு, எவ்வளவு மின்னோட்டத்துக்கு என்று சொல்லாமல் கடத்தி, கடத்தாப்பொருள் என்று பிரிக்க முடியாது என்பது முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது.

பராமரிப்பு_இரவுப்பணி

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலைத்தளத்தில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ரப்பர் கடத்தாது, பிளாஸ்டிக் கடத்தாது. சந்தேகம் இருந்தால் டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றினால் போதும். தடிமன் இரட்டித்தால் தாங்கும் வோல்ட்டும் இரட்டிக்கும். இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

கேபிள்_ஜாயிண்டர்

நண்பரே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய மூன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் மறுத்தே ஆக வேண்டும்.

முதலில் ரப்பர். சுத்தமான ரப்பர் அருமையான காப்பு. ஆனால் கறுப்பு ரப்பரில் கரித்தூள் கலந்திருக்கும். எவ்வளவு கலந்தார்கள் என்பதைப் பொறுத்து அது ஓரளவு கடத்தலாம், நன்றாகவே கடத்தவும் செய்யலாம். நிலைமின்சாரம் தேங்காமல் இருக்க வேண்டுமென்றே கடத்தும்படி செய்யப்படும் ரப்பர் விரிப்புகளும் காலணிகளும் உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். மின்னழுத்த வகுப்பு அச்சிட்டுச் சோதித்த கையுறையையும் விரிப்பையும் தவிர வேறு எந்த ரப்பரையும் நம்பி மின்னோட்டம் உள்ள இடத்தில் நிற்காதீர்கள்.

அப்புறம் தடிமன். காப்பு உடைந்து மின்பொறி ஊடுருவும் எல்லையை மின்காப்பு வலிமை என்கிறோம். காற்றுக்கு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட். திண்மப் பொருட்களுக்கு அந்த எண் தடிமனோடு மாறும். நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் கனமுள்ள பாலியெஸ்டர் படலம், மில்லிமீட்டருக்கு 200 கிலோவோல்ட்டுக்கு மேல் என்ற கணக்கில் தாங்கும். அதே பொருளைத் தடித்த தகடாக்கினால் அந்தக் கணக்கு வெகுவாக இறங்கிவிடும். தடிக்கத் தடிக்க உள்ளே ஒரு குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, நடுவில் பிறக்கும் சூடு வெளியேறவும் நேரமாகிறது. ஆகவே இரண்டு மடங்கு தடிமனுக்கு இரண்டு மடங்கு வோல்ட் கிடைக்காது.

மூன்றாவது, அந்த இரண்டு சுற்று டேப். குறைந்த மின்னழுத்தத்தில் அது பெரிய தீங்கு செய்யாது. உயர் மின்னழுத்தக் கேபிளில் அதுவே கேபிளைக் கொல்லும். டேப்புக்கு அடியில் காற்று மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்எல்பிஇ (கேபிளில் போடும் ஒரு பிளாஸ்டிக்) காப்பின் ஒப்புமை விடுதிறன், அதாவது மின்புலத்தில் அந்தப் பொருள் எவ்வளவு முனைவுறும் என்பதன் அளவு, ஏறத்தாழ 2.3, காற்றுக்கு 1. இரண்டும் அடுக்காக இருக்கும்போது மின்புலம் எந்தப் பொருளில் விடுதிறன் குறைவோ அதில் போய்க் குவியும். தட்டையான காற்றுப் பொட்டுக்குள் புலம் சுற்றியுள்ளதைவிட 2.3 மடங்கு வரை போகும். அதாவது, மிகவும் பலவீனமான பொருளுக்கு மிக அதிகச் சுமை. காப்பு சேதமின்றித் தாங்கும், உள்ளே இருக்கும் காற்று மட்டும் ஒவ்வொரு சுழற்சியிலும் பொறி விட்டுக்கொண்டே இருக்கும். இதுதான் பகுதி மின்னிறக்கம். மெகரில் இது தெரியவே தெரியாது, ஆயிரக்கணக்கில் மெகாஓம் காட்டும். மாதங்களோ வருடங்களோ கழித்து ஒருநாள், மரக்கிளை மாதிரி கரிந்த தடம் ஒன்று காப்பைக் குறுக்கே கடந்திருக்கும்.

நான் தொழில் கற்ற நாளில் ஒரு ஜாயிண்ட்டில் (கேபிள் இணைப்பில்) காப்பின் மேல் இருக்கும் குறைக்கடத்தி அடுக்கை உரிக்கும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. தலைமுடி அளவுக் கீறல். அதன்மேல் அப்படியே குழாயை ஏற்றிச் சுருக்கினோம். அன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. பதினோரு மாதத்தில் வெடித்தது. வெட்டிப் பார்த்தபோது தடம் அந்தக் கீறலிலிருந்துதான் கிளம்பியிருந்தது. அன்றிலிருந்து உரித்த பரப்பை விரல் நகத்தால் தடவிப் பார்க்காமல் நான் மேற்கொண்டு வேலை செய்ததில்லை.

பழைய_கம்பிச்சுருள்

ஜாயிண்டர் சொன்னதோடு முழுதும் ஒத்துப்போகிறேன். அதனால்தான் அட்டவணையில் அச்சிட்ட எண்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. மைக்கா இத்தனை, பேப்பர் இத்தனை என்று ஆய்வகத்தில் புதுத் துண்டை வைத்து எடுத்த எண் அது. பத்து வருடம் வெந்த வைண்டிங்குக்கும் அந்த எண்ணுக்கும் உறவே கிடையாது.

இயற்பியல்_ஆசிரியை

இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை, ஐயா. அந்த எண் இல்லாமல் வடிவமைப்பாளர் எங்கிருந்து தொடங்குவார்? அட்டவணை பொய் சொல்வதில்லை. எந்தத் தடிமன், எந்த வெப்பநிலை, எவ்வளவு ஈரம் என்ற நிபந்தனைகளோடுதான் அது பேசுகிறது. நாம் நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கடத்தியிலும் இதே கதை உண்டு. 1850-களில் கடலடித் தந்திக் கம்பிகளுக்காக வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, விற்பனைக்கு வந்த தாமிரத்தை அளந்து பார்த்தார். தாமிரம் என்ற ஒரே பெயரில் வந்த கம்பிகளின் கடத்துதிறன் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறியது. மாசுதான் காரணம். 0.04 சதவீதம் பாஸ்பரஸ் சேர்ந்தாலே கடத்துதிறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் 1913-ல் மென்பதமாக்கிய (காய்ச்சி மென்மையாக்கிய) தாமிரத்துக்கு ஒரு பன்னாட்டு அளவுகோலை வகுத்து, அதை 100 சதவீதம் என்றார்கள். அதில் அலுமினியம் 61. அந்த எண்ணை நம்பித்தான் இன்று எல்லாரும் கம்பி வாங்குகிறோம்.

பழைய_கம்பிச்சுருள்

நிபந்தனையோடு படித்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வயதைப் பற்றி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

10 டிகிரிக்குப் பாதி என்று இரண்டு கணக்கு உண்டு. இரண்டும் வேறு. ஒன்று மேலே சொன்ன இன்சுலேஷன் தடை. சூட்டில் இறங்கும், ஆறினால் முழுதும் திரும்ப வரும். மற்றொன்று ஆயுள். ஒரு காப்பைத் தாங்கும் வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரி கூடுதலாக ஓட்டிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அது திரும்ப வராது. வேதிப் பிணைப்புகள் அறுந்து, வார்னிஷ் வறண்டு, வெடித்து, உதிர்ந்துவிடும். ஏ வகுப்புக்கு 105, பி-க்கு 130, எஃப்-க்கு 155, எச்-க்கு 180 டிகிரி என்று பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். கொடுமை என்னவென்றால், வெந்து வறண்ட வைண்டிங் மெகரில் பிரமாதமான அளவு காட்டும். அதில் ஈரமே இருக்காதே. ஆனால் ஓர் அதிர்வு வந்தால் உதிரும். மெகர் நன்றாகக் காட்டியது என்ற நம்பிக்கையில் நான் அனுப்பிய ஒரு மோட்டார் மூன்றாம் நாள் எரிந்து திரும்பி வந்தது. கையால் அழுத்தியிருந்தால் பொரிப்பொரியாக உதிர்வது தெரிந்திருக்கும். மூக்கும் விரலும் மெகருக்குச் சமமான கருவிகள், தம்பி.

பராமரிப்பு_இரவுப்பணி

கரித்தூள் விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. பேனலுக்கு முன்னால் போட்டிருக்கும் விரிப்பைப் புரட்டிப் பார்த்தேன். எந்த அச்சும் இல்லை. நாளைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். ஜாயிண்டருக்கு நன்றி.

இரண்டாமாண்டு_மாணவி

இரண்டு சின்னக் கேள்விகள். நுட்பமான இணைப்பு முனைகளில் தங்கம் பூசுவது அது தாமிரத்தைவிட நன்றாகக் கடத்துவதாலா? அப்புறம், மின்சாரத்தைக் கடத்தாத பொருள் வெப்பத்தையும் கடத்தாதுதானே?

இயற்பியல்_ஆசிரியை

இரண்டுக்கும் இல்லை என்பதே விடை, அம்மா. வரிசை இது: வெள்ளி, தாமிரம், தங்கம், அலுமினியம். தங்கம் தாமிரத்துக்குப் பின்னால்தான். ஆனால் அதன் மேல் ஆக்சைடு படியாது. மிகச் சிறிய மின்னழுத்தத்தில் வேலை செய்யும் முனைகளில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம்கூடச் சுவர்தான்.

உலோகங்களில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் அதே எலக்ட்ரான்கள் சுமப்பதால் இரண்டும் சேர்ந்து போகும். வீடமன், ஃபிரான்ஸ் இருவரும் 1853-லேயே அளந்து சொன்னார்கள். கடத்தாப்பொருளில் வெப்பத்தை அணுக்களின் அதிர்வு சுமக்கிறது. வைரத்தில் அணுக்கள் லேசானவை, பிணைப்பு மிக இறுக்கம். ஆகவே அது தாமிரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். அலுமினியம் நைட்ரைடு பீங்கானும் இந்த வகைதான்.

கேபிள்_ஜாயிண்டர்

ஆக்சைடு பேச்சு வந்ததால் அலுமினியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியம் நல்ல கடத்தி, அதன் தோலாகிய ஆக்சைடு அசல் காப்பு. சுரண்டிய கணத்திலேயே மறுபடி படியத் தொடங்கும். அதனால்தான் காற்றுப் படாமல் மூடும் இணைப்புப் பசையைத் தடவிக்கொண்டே பிரஷ் போட்டுச் சுரண்டுகிறோம். தவிர, இறுக்கிய திருகுக்கு அடியில் அலுமினியம் மெல்ல நகர்ந்து தளரும். சூட்டில் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். தளர்ந்தால் தொடுபரப்பில் தடை கூடும், சூடு பிறக்கும், இன்னும் தளரும். கம்பி முழுக்க நல்ல கடத்தியாக இருந்து என்ன பயன், லக்கில் (கம்பி முனையில் பொருத்தும் உலோக இணைப்பில்) கோட்டை விட்டால்?

புதிய_வைண்டர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது மோட்டாரின் அளவைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு நிமிடத்தில் 6 மெகாஓம், பத்து நிமிடத்தில் 6.6. ஏறவே இல்லை.

பழைய_கம்பிச்சுருள்

பத்து நிமிட அளவை ஒரு நிமிட அளவால் வகுத்தால் விகிதம் 1.1. நல்ல வைண்டிங்கில் 2-ஐத் தொட வேண்டும். நல்ல காப்பில் மெகர் செலுத்தும் மின்னோட்டத்தில் பெரும்பங்கு, உள்ளே இருக்கும் மூலக்கூறுகளை மெல்லத் திருப்பி நிறுத்துவதற்கே செலவாகும். நிமிடத்துக்கு நிமிடம் அது குறையும், எனவே அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறவில்லை என்றால் எங்கோ நிலையான கசிவு ஓடுகிறது. அந்தக் கசிவு வைண்டிங்குக்கு உள்ளேதான் என்று முடிவு கட்டாதீர்கள். காப்புக்கு உடம்பும் உண்டு, தோலும் உண்டு. டெர்மினல் போர்டை (கம்பி முனைகளை இணைக்கும் பலகையை) பாருங்கள். ஈரத்தை உறிஞ்சிய தூசிப் படலம் ஒன்றே போதும். துடைத்துவிட்டு, மெதுவாகச் சூடுகாட்டி உலர்த்தி, ஆறியபின் அளந்து சொல்லுங்கள்.

புதிய_வைண்டர்

ஐயா, போர்டின் அடியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் கரித்தூளும் அப்பியிருந்தது. துடைத்த உடனேயே, உலர்த்தும் முன்பே, 6 மெகாஓம் 48 ஆனது. ஓர் இரவும் ஒரு பகலும் சூடுகாட்டி ஆறவிட்டபின் ஒரு நிமிடத்தில் 140, பத்து நிமிடத்தில் 378. 31 டிகிரியில் எடுத்தது. வைண்டிங்கை விரலால் அழுத்தியும் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. பிரிக்கவில்லை.

பழைய_கம்பிச்சுருள்

2.7. ஓட்டலாம். 31 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மகிழ்ச்சி.

ஒன்று விட்டுப்போனது. மெகரை எடுத்ததும் டெர்மினலை எர்த்தில் கட்டினீர்களா? பத்து நிமிடம் திரும்பி நின்ற மூலக்கூறுகள் ஒரே நொடியில் பழைய நிலைக்கு வராது. ஒரு கணம் எர்த்தில் தொட்டு எடுத்தால் பூஜ்யம் காட்டும், சற்று நேரத்தில் மின்னழுத்தம் தானாக மறுபடி எழும். சோதித்த நேரத்தைப் போல நான்கு மடங்கு நேரமாவது எர்த் இருக்க வேண்டும்.

புதிய_வைண்டர்

இரண்டு நிமிடம்தான் வைத்திருந்தேன், ஐயா. இப்போதே போய் மறுபடி கட்டிவிட்டேன். 40 நிமிடம் கழித்துத்தான் கை வைப்பேன்.